கடைக்கு வெப் பேஜ் போடப் போகிறீர்களா? லேஅவுட்டை இந்த வரிசையில் செய்யுங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடை, பெரம்பூர் டியூஷன் சென்டர், காசிமேட்டு மீன் வியாபாரம் என்று நம்ம ஏரியா கடைகளுக்கு வெப் பேஜ் செய்து கொடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். கோடிங் நன்றாகவே வருகிறது. ஆனால் லேஅவுட்டைப் பற்றி மனதில் பதிந்துபோன சில நம்பிக்கைகள், வேலையைத் தப்பான இடத்தில் ஆரம்பிக்க வைக்கின்றன. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் செய்ய வேண்டியதற்கு இடம் தேடி அலைகிறார்கள்.

பக்கத்தைத் திறப்பவர் கண்ணில் எது முதலில் பட வேண்டும், எது அடுத்து என்று முடிவெடுப்பதுதான் லேஅவுட். நிறமும் அழகும் அதற்கு அப்புறம். இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, சுத்தம் செய்து, வீடுகளுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கடை.

## 1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உண்மையான விவரம் முழுவதும் வேண்டும். மீன் பட்டியல், விலை எப்படிச் சொல்கிறார்கள், எத்தனை மணி வரை ஆர்டர் எடுப்பார்கள், எந்தெந்த ஏரியாவுக்கு அனுப்புவார்கள், போன் நம்பர், முகவரி. சென்னை முகவரி என்றால் பழைய எண், புதிய எண் இரண்டும் வரும். அதோடு ஒரு அடையாளமும் சொல்வார்கள். அது ஒரு வரியில் அடங்காது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

"விவரம் அப்புறம் தருகிறேன், நீ டிசைனை ஆரம்பி" என்று கடைக்காரர் சொல்வார். அங்கேதான் முதல் தப்பான நம்பிக்கை: லோரம் இப்சம் என்ற மாதிரி எழுத்தைப் போட்டு வைத்துவிட்டு, பிற்பாடு நிரப்பிக்கொள்ளலாம் என்பது. அந்த லத்தீன் வார்த்தைகள் குட்டி குட்டியாக இருப்பதால் எந்தப் பெட்டியிலும் உட்கார்ந்துவிடும். "சுத்தம் செய்து துண்டு போட்டது" அப்படி உட்காராது. உண்மையான எழுத்து வந்த அன்றைக்கே பெட்டிகள் பிதுங்கும், பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் காத்திருந்தாவது விவரத்தை வாங்கிவிடுங்கள்.

மீன் வரத்து இல்லாத நாளைப் பற்றியும் கேளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பட்டியலில் பாதி மீன் வராமல் போகலாம். பத்து மீன் இருக்கும் நாளுக்கு மட்டும் லேஅவுட் செய்துவிட்டு, மூன்றே மீன் இருக்கும் நாளில் பக்கம் ஓட்டையும் உடைசலுமாகத் தெரிந்தால், கடையை மூடிவிட்டார்கள் என்றுதான் வாடிக்கையாளர் நினைப்பார்.

கருவி என்று பார்த்தால் ஒரு நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன், குரோம், ஒரு கோட் எடிட்டர். அவ்வளவுதான்.

## 2. டெம்ப்ளேட்டைத் திறக்காமல் வரிசையை எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது டெம்ப்ளேட் தேடுவது. அதில் மேலே படங்கள் மாறி மாறி வரும் அகலமான ஒரு ஸ்லைடர், அடுத்து "எங்களைப் பற்றி", அதற்குக் கீழே மூன்று ஐகான் என்று ஏற்கெனவே யாரோ முடிவு செய்து வைத்திருப்பார்கள். அந்த வரிசை நம்ம கடைக்காகப் போட்டதில்லை.

ஒரு பேப்பரை எடுத்து, போனில் கூப்பிடும் வாடிக்கையாளர் என்ன வரிசையில் கேட்பார் என்று எழுதுங்கள். இன்னைக்கு என்ன மீன் இருக்கு? கிலோ என்ன விலை? எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? கொடுங்கையூருக்கு வருமா? எத்தனை மணிக்குள் சொல்லணும்? இந்த வரிசைதான் உங்கள் பக்கத்தின் வரிசை. கடை எந்த வருஷம் தொடங்கியது, முதலாளி யார் என்று எவரும் முதல் கேள்வியாகக் கேட்பதில்லை. அது கீழே போகட்டும்.

இந்த இடத்தில் இரண்டு நம்பிக்கைகள் குறுக்கே வரும். ஒன்று, "யாரும் ஸ்க்ரோல் செய்ய மாட்டார்கள், எல்லாவற்றையும் முதல் திரையிலேயே திணி." மக்கள் ஸ்க்ரோல் செய்கிறார்கள். ஆனால் கீழே போகப் போக கவனம் குறைகிறது. வெப் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நார்மன் குரூப் 2018-ல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் 57 சதவீதம் முதல் திரையிலும், 74 சதவீதம் முதல் இரண்டு திரைகளுக்குள்ளும் செலவானது. திணிப்பதற்கு இது காரணம் ஆகாது. முக்கியமானதை முன்னால் வைப்பதற்குத்தான் காரணம். முதல் திரையில் மீனும் விலையும் தெரிந்தால், மற்றதைத் தேடி அவர்களே கீழே வருவார்கள்.

இன்னொன்று, "எதுவும் மூன்று கிளிக்குக்குள் கிடைக்க வேண்டும்." இதற்கு ஆதாரம் கிடையாது. அடுத்து என்ன வரும் என்று தெளிவாகத் தெரிந்தால் ஐந்தாவது தட்டலிலும் ஆள் போக மாட்டார். புரியாவிட்டால் முதல் தட்டலிலேயே போய்விடுவார்.

## 3. சிஎஸ்எஸ் இல்லாமல் பக்கத்தை முழுசாக எழுதுங்கள்

பேப்பரில் எழுதிய வரிசையை அப்படியே எச்டிஎம்எல்லாக, அதாவது பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் கோடிங்காக எழுதுங்கள். தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் அப்புறம். தலைப்பைத் தலைப்பாக, பட்டியலைப் பட்டியலாக, போன் நம்பரைத் தொட்டால் டயல் ஆகும் லிங்க்காக. பக்கத்தின் மொழி தமிழ் என்று மேலே குறிக்க மறக்காதீர்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் சரியான குரலில் படிக்க அது தேவை. இந்த நிலையில் போனில் திறந்தால் மொட்டையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருவர் மீன் வாங்கிவிட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எந்த டிசைனும் அதைக் காப்பாற்றாது.

வரிசையைப் பிற்பாடு சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சிஎஸ்எஸ்ஸில் பெட்டிகளை அடுக்கும் முறைகளான ஃப்ளெக்ஸிலும் கிரிட்டிலும் ஒரு பெட்டியைக் கண்ணுக்கு மட்டும் மேலே ஏற்றிக் காட்ட முடியும். திரைவாசிப்பானும் கீபோர்டின் டேப் பட்டனும் எச்டிஎம்எல் வரிசையில்தான் போகும். கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு வேறு வரிசை என்றால், பார்வையற்ற வாடிக்கையாளர் விலையைக் கேட்ட பிறகுதான் மீனின் பெயரைக் கேட்பார்.

நம்ம பக்கம் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஃப்ளெக்ஸ் பேனருக்கு அச்சடித்த டிசைனையே படமாக எடுத்து வெப் பேஜில் ஒட்டிவிடுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அதில் இருக்கும் நம்பரைத் தொட்டால் கால் போகாது. முகவரியைக் காப்பி செய்ய முடியாது. சின்னத் திரையில் எழுத்து எறும்பு சைஸ் ஆகிவிடும். விலை மாறினால் டிசைன் செய்தவரைத் திரும்பத் தேட வேண்டும். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

## 4. 360 பிக்சலில் தொடங்குங்கள்

லேப்டாப்பில் அகலமாகச் செய்து முடித்துவிட்டு, மொபைலுக்குச் "சுருக்குவது" தலைகீழ் வேலை. அகலத்தில் இடம் தாராளமாக இருப்பதால் எதையும் தள்ளிப்போட வேண்டியிருக்காது. ஒடுக்கத்தில்தான் எது முக்கியம் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் அகலமான திரை தானாக வந்துவிடும்.

முதலில், போன் திரையின் அகலத்துக்கே பக்கத்தை வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். "என் பக்கம் மட்டும் போனில் குட்டியாகத் தெரியுது" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒரு வரிதான் விட்டுப்போயிருக்கும்.

"என் போன் 1080 பிக்சல், அதனால் 1080-க்குச் செய்கிறேன்" என்பது அடுத்த குழப்பம். அது கண்ணாடிக்குள் இருக்கும் புள்ளிகளின் கணக்கு. சிஎஸ்எஸ்ஸின் பிக்சல் வேறு. 1080 புள்ளி அகலமுள்ள போன், 3 மடங்கு அடர்த்தி என்றால், பிரவுசருக்கு 360 பிக்சல் என்றுதான் சொல்லும். குரோமில் எஃப்12 அழுத்தி, மொபைல் வியூவுக்கு மாற்றி, அகலத்தை 360 என்று வையுங்கள். முடித்ததும் 320-க்கும் இறக்கிப் பாருங்கள். அந்த அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளிப் படிக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பது, மாற்றுத்திறனாளிகளும் பக்கத்தைப் பயன்படுத்துவதற்கான வெப் அணுகல் வழிகாட்டுதல்களில் (டபிள்யூ.சி.ஏ.ஜி.) உள்ள அளவுகோல்.

முதல் பகுதியைத் திரை உயரம் முழுக்க நிரப்பும் வழக்கமும் இங்கே சிக்கல் தரும். போன் பிரவுசரின் அட்ரஸ் பார் தோன்றி மறைவதால், 100 சதவீதத் திரை உயரம் என்று போட்டதன் அடிப்பகுதி அந்த பாருக்குப் பின்னால் போய்விடும். அங்கேதான் ஆர்டர் பட்டனை வைத்திருப்பார்கள். உள்ளடக்கம் எவ்வளவோ அவ்வளவே உயரம் இருக்கட்டும்.

## 5. தமிழ் எழுத்துக்கு இடம் விடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் லேஅவுட் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்பவை. அந்த அளவுகளை அப்படியே எடுத்தால் தமிழ் நெரியும்.

வரி உயரத்தை முதலில் வையுங்கள். ஆங்கிலத் தலைப்புக்கு 1.1 போதும் என்பார்கள். தமிழில் மேலே ஈகாரச் சுழி ஏறும், கீழே உகரத்தின் கால் இறங்கும். "புதுசா வந்த மீன்" என்ற தலைப்பு இரண்டு வரியாக உடைந்தால் மேல் வரியில் இருக்கும் "பு" கால் நீட்டும், கீழ் வரியில் இருக்கும் "மீ" தலை தூக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு "மிச்சத்தை மறை" என்றும் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். சுழி வெட்டுப்பட்டு "மீன்" என்பது "மின்" போலத் தெரியும். மீன் கடைக்கு இதைவிட என்ன வேண்டும்! தலைப்புக்கு 1.4-லிருந்தும், பத்திக்கு 1.7-லிருந்தும் ஆரம்பித்து, கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் கீழே வேண்டாம். ண, ன, ந போன்றவை நெருக்கமான வளைவுகள். சின்ன அளவில் போல்டும் சேர்ந்தால் உள்ளிருக்கும் வெள்ளை அடைபட்டு எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அளவை ரெம் கணக்கில், அதாவது பிரவுசரில் வைத்திருக்கும் எழுத்து அளவின் மடங்காகக் கொடுங்கள். வயதானவர்கள் பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், ரெம் அதை மதிக்கும். பிக்சலில் கொடுத்தால் அவர்கள் வைத்த அமைப்பு வீண்.

அழுத்தம் கொடுக்க ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சாய்வெழுத்தும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. பல தமிழ் ஃபான்ட்களில் சாய்வும் தனியாக வரையப்பட்டிருக்காது, பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்து வைக்கும். அளவும் தடிமனும்தான் நம் கையில் இருப்பவை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் வேலையைத் தொடாதீர்கள், சொல் சிதறிப்போகும். இரண்டு ஓரமும் நேராக நிற்கச் செய்வதையும் விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒடுக்கமான திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் வரும், நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் ஒட்டி இருக்கட்டும். எல்லாவற்றையும் நடுவில் வைப்பதும் கல்யாணப் பத்திரிகைக்குச் சரி, விலைப் பட்டியலுக்குச் சரிவராது. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று கண் தேட வேண்டியிருக்கும்.

ஃபான்ட் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரான் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுங்கள், இரண்டு தடிமன் போதும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொன்றும் பக்கம் திறக்கும் நேரத்தைக் கூட்டும்.

## 6. ஒரே ஒரு கார்டைச் சரியாகச் செய்யுங்கள்

பக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் அடுக்கப் பார்க்காதீர்கள். இந்தக் கடையின் பக்கம் என்பது ஒரு மீன் கார்டு திரும்பத் திரும்ப வருவதுதான். அது ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

கார்டில் படம், பெயர், விலை, எடை பற்றிய குறிப்பு, ஆர்டர் பட்டன். "வஞ்சிரம்" வைத்துச் செய்து பார்த்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். பட்டியலிலேயே நீளமான பெயரை வைத்துப் பாருங்கள்: "கானாங்கத்தை, தலை நீக்கிச் சுத்தம் செய்தது". கார்டுக்கு 280 பிக்சல் உயரம் என்று கட்டிப்போட்டிருந்தால், பெயர் இரண்டு வரியாகி, விலை கீழே இறங்கி, பட்டன் பெட்டிக்கு வெளியே தொங்கும். உயரத்தைக் கட்டிப்போடவே வேண்டாம். எல்லாக் கார்டும் சமமாகத் தெரிய வேண்டும் என்று ஆசை இருந்தால், குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். கிரிட்டில் ஒரே வரிசையில் இருப்பவை தாமாகவே சம உயரத்துக்கு நீளும்.

பட்டனின் அகலமும் அப்படியே. 100 பிக்சல் என்று நிர்ணயித்துவிட்டால் "ஆர்டர் செய்யுங்கள்" உள்ளே அடங்காது. அகலத்தை விட்டுவிட்டு, நான்கு பக்கமும் உள் இடைவெளி கொடுங்கள். உயரம் 44 பிக்சலாவது இருக்கட்டும். 2023-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 விதிகள் குறைந்தபட்சமாக 24-க்கு 24 பிக்சல் என்று சொல்கின்றன. ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக, ஓடும் பஸ்ஸில் கட்டை விரலால் தட்டுபவருக்கு அது போதாது.

அப்புறம் அதே கார்டை "இன்று வரத்து இல்லை" நிலையில் செய்யுங்கள். விலை போய்விடும், பட்டன் போய்விடும். படத்தை மங்கலாக்குவதோடு நிறுத்தாமல் எழுத்தாலும் சொல்லுங்கள். மங்கலைப் பார்த்து, படம் இன்னும் லோடு ஆகவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு.

## 7. இப்போது அகலப்படுத்துங்கள்

12 காலம் (நெடுவரிசை) கொண்ட கிரிட் இருந்தால்தான் அது முறையான லேஅவுட் என்ற எண்ணம் பலருக்கு. ஒவ்வொரு போன் மாடலுக்கும் ஒரு மீடியா கொரி (இந்த அகலத்தில் இப்படிக் காட்டு என்னும் சிஎஸ்எஸ் நிபந்தனை) எழுத வேண்டும் என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே தேவைப்படாது.

கிரிட்டுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "ஒவ்வொரு காலமும் குறைந்தது 16 ரெம், இடம் இருக்கும் வரை நிரப்பு, மிச்சத்தைச் சமமாகப் பங்கிடு." கிரிட்டின் ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ் என்ற இரண்டு கட்டளைகளும் சேர்ந்து இதைச் செய்துவிடும். 16 ரெம் என்பது வழக்கமாக 256 பிக்சல். ஓரங்களில் 16, நடுவில் 16 இடைவெளி என்று வைத்தால், 360 திரையில் ஒரு காலம், 600-ல் இரண்டு, 1280-ல் நான்கு. ஒரு மீடியா கொரிகூட எழுதவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி வைத்தவருக்கு ரெம் பெரிதாகி, காலங்களின் எண்ணிக்கை தானே குறைந்துவிடும். போன் மாடலைத் துரத்திக்கொண்டு எழுதிய கோடிங் இதைச் செய்யாது.

பத்திகளுக்கு மட்டும் உச்ச அகலம் 38 ரெம் அளவுக்கு வையுங்கள். திரை அகலமாக இருக்கிறதே என்று வரியை ஓட விட்டால், ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்கும்போது கண் தவறும்.

## 8. இடைவெளி, நிறம்

"இவ்வளவு இடம் காலியா கிடக்கே, ஏதாவது போடுப்பா." கடைக்காரர் இதை நிச்சயம் சொல்வார். நாமும் அவர் சொல்வதைக் கேட்டுத் திணிப்போம். எது எதோடு சேர்ந்தது என்று சொல்வதே அந்தக் காலி இடம்தான். விலைக்கும் அதன் மீனுக்கும் நடுவே 8 பிக்சல், ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் நடுவே 16 என்றால், கோடு போடாமலே விலை எந்த மீனுடையது என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் சங்கராவின் விலையை நெத்திலிக்குப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். இடத்தை நிரப்பிக் காட்டி, பிறகு நீக்கிக் காட்டி, கடைக்காரரையே விலை படிக்கச் சொல்லுங்கள். வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நிறத்தில் பார்க்க வேண்டியது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டின் விகிதம். குறைந்தது சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையில் #999999 சாம்பல் 2.85-தான் வரும். #767676 ஒருவழியாக 4.54-ஐத் தொடும். பேனர்களில் பார்த்துப் பழகிய சுத்தச் சிவப்பில் வெள்ளை எழுத்து 4-ஐ ஒட்டி நிற்கிறது, தலைப்புக்குப் போதும், சின்ன எழுத்துக்கு ஆகாது. குரோமின் கலர் பிக்கரிலேயே இந்த எண் தெரியும்.

## 9. படங்கள்

ஸ்லைடர் வேண்டாம். முதல் படத்தைத் தாண்டி வருவதை யாராவது பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்து எதையும் அதில் ஒளித்து வைக்காதீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் எச்டிஎம்எல்லிலேயே கொடுங்கள். கொடுக்காவிட்டால், படம் இறங்கி வரும்போது கீழே இருப்பதெல்லாம் குதிக்கும். வஞ்சிரத்தைத் தட்டப் போன விரல் கடம்பாவைத் தட்டிவிடும். ஃபைல் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்தில், காட்டும் அளவுக்கு ஏற்பச் சுருக்கிப் போடுங்கள். கீழே இருக்கும் படங்களுக்கு லேசி லோடிங் (ஸ்க்ரோல் செய்து பக்கத்தில் வரும்போதுதான் படத்தை இறக்குவது) வையுங்கள், முதல் திரையில் வரும் படத்துக்கு வைக்காதீர்கள். வைத்தால் முதலில் தெரிய வேண்டியதே தாமதமாகும்.

யூபிஐ கியூஆர் படத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பக்கம் திறந்திருப்பதே அந்த போனில்தான், அதே போனின் கேமராவால் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? யூபிஐ ஐடியை எழுத்தாக, காப்பி செய்யும்படி பக்கத்திலேயே வையுங்கள்.

## 10. வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கள்

லேப்டாப்பில் காட்டும் மொபைல் வியூ அகலத்தை மட்டும்தான் சோதிக்கும். விரல், வெயில், நெட்வொர்க் மூன்றும் அதில் கிடையாது. போனை எடுத்துக்கொண்டு மத்தியானம் துறைமுகப் பக்கம் நின்று விலையைப் படித்துப் பாருங்கள். குரோமில் நெட்வொர்க்கை மெதுவான 4ஜி-க்கு மாற்றி ஒருமுறை திறந்து பாருங்கள். லேப்டாப்பில் திரை அகலம் 1280 என்றால், ஜூமை 400 சதவீதம் ஆக்குங்கள், அது 320 பிக்சலுக்குச் சமம். மவுஸைத் தொடாமல் டேப் பட்டனை மட்டும் அழுத்தி ஆர்டர் வரை போய்ப் பாருங்கள்.

பிறகு, பக்கத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "ஒரு கிலோ சங்கரா, சுத்தம் செய்து, தண்டையார்பேட்டைக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே தட்ட வேண்டும் என்று வாய் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள், அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

கடைசியாக, மறுநாள் காலை விலையைக் கடைக்காரரையே மாற்றச் சொல்லுங்கள். அவர் "வஞ்சிரம்" என்று இருந்த இடத்தில் "வஞ்சிரம் பெரிய சைஸ் இன்னைக்கு மட்டும் ஆஃபர்" என்று எழுதுவார். அப்போதும் கார்டு உடையாமல் நின்றால் பக்கத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கலாம். உடைந்தால் 6-ஆம் படிக்குப் போங்கள்.